காவிரிப் படுகையில் பல்கலைக்கழக ஆய்வகக் கட்டடங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பகுதிகளின் கல்வி வளாகங்களில் புதிய ஆய்வகக் கட்டடம் என்ற பேச்சு எழும்போதெல்லாம், கேட்பவர் பேராசிரியரானாலும், பதிவாளர் அலுவலகத்தாரானாலும், ஒப்பந்ததாரரானாலும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. திட்டக் கூட்டங்களில் அவற்றுக்குச் சொல்லி வந்த பதில்களை, கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்து, இங்கே தொகுத்திருக்கிறேன். கணக்குகள் தோராயமானவை; உங்கள் கட்டடத்துக்கு உங்கள் பொறியாளர் அவற்றை மீண்டும் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆய்வகமும் ஒரு கட்டடம்தானே? வகுப்பறைக் கட்டடத்தைப் போலவே கட்டினால் என்ன?

வகுப்பறையிலோ அலுவலகத்திலோ ஒருமுறை குளிர்வித்த காற்றையே மீண்டும் மீண்டும் சுழலவிட்டு, சிறிதளவு வெளிக்காற்றை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். வேதிப்பொருள்களின் ஆவி கலந்த ஆய்வகக் காற்றை அப்படிச் சுழலவிட முடியாது. உள்ளே வந்த காற்று ஒருமுறை அறையைக் கடந்ததும் முழுவதுமாக வெளியேற வேண்டும். அதே அளவு புதுக்காற்றை இரவும் பகலும் குளிர்வித்து, உலர்த்தி, உள்ளே அனுப்ப வேண்டும். ஒரே பரப்பளவுள்ள அலுவலகக் கட்டடத்தைவிட ஆய்வகம் மூன்று முதல் ஐந்து மடங்கு, சில துறைகளில் அதற்கும் மேலாக, ஆற்றலைச் செலவிடுவதற்கு முதன்மைக் காரணம் இந்தக் காற்றுதான்.

ஆகவே கட்டடத்தின் முகப்பைப் பற்றியும் கூரையைப் பற்றியும் பேசுவதற்கு முன்பு, இந்த ஆய்வகத்துக்கு மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்று தேவை, அதைக் குறைக்க வழி உண்டா என்பதைப் பேசி முடித்துவிட வேண்டும். மற்ற முடிவுகள் எல்லாம் அந்த எண்ணிலிருந்து பிறக்கின்றன.

ஒரு ஃபியூம் ஹூட் அப்படி எவ்வளவு மின்சாரத்தை எடுத்துவிடும்? சின்ன மோட்டார்தானே இருக்கிறது?

ஃபியூம் ஹூட் என்பது, ஆவி எழும் வேலைகளை உள்ளே வைத்துச் செய்வதற்காக முன்புறம் கண்ணாடிக் கதவு வைத்த, காற்றை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டி. மோட்டார் சிறியதுதான், செலவு அது இழுத்து வெளியேற்றும் காற்றில் இருக்கிறது. ஆறடி அகலமுள்ள ஒரு பெட்டியின் கண்ணாடிக் கதவு திறந்திருக்கும்போது, திறப்பு 1.5 மீட்டர் அகலமும் 0.5 மீட்டர் உயரமும் என்று கொள்வோம். ஆவி வெளியே கசியாதிருக்க அந்தத் திறப்பில் காற்று நொடிக்கு ஏறத்தாழ 0.5 மீட்டர் வேகத்தில் உள்ளே செல்ல வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. அப்படியானால் அந்தப் பெட்டி மணிக்கு 1,350 கன மீட்டர் காற்றை அறையிலிருந்து எடுத்துச் செல்கிறது.

வெளியே 34 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு பிற்பகலில், இவ்வளவு காற்றை 24 டிகிரிக்கும் 55 சதவீதத்துக்கும் கொண்டுவர ஏறக்குறைய 15 கிலோவாட் குளிர்விப்பு தேவை. வீட்டு ஏ.சி. கணக்கில் அது நான்கு டன்னுக்கும் மேல். அந்தச் சுமையில் பத்தில் ஏழு பங்கு, காற்றின் வெப்பத்தைக் குறைக்கச் செலவாவதில்லை, அதிலுள்ள நீராவியைத் தண்ணீராக்கி வடித்தெடுக்கவே செலவாகிறது. அந்த ஒரு பெட்டிக்காக மணிக்குச் சுமார் 15 லிட்டர் தண்ணீர், காற்றைக் குளிர்விக்கும் குளிர்சுருளில் வடிகிறது. வறண்ட ஊர்களுக்கென எழுதப்பட்ட வடிவமைப்புகளை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்கு இந்த ஒரு கணக்கே போதும். நம் படுகையில் ஆய்வகக் கட்டடத்தின் பெரும் வேலை ஈரத்தோடு போராடுவது.

அதைக் குறைக்க என்ன வழி?

பெட்டிகளின் எண்ணிக்கையை முதலில் குறையுங்கள். ஒவ்வொரு பேராசிரியருக்கும் இரண்டு பெட்டி என்று கேட்கும் பட்டியலைப் பார்த்தால், அவற்றில் பல வேதிப்பொருள் புட்டிகளை அடுக்கிவைக்கவே பயன்படும் என்பது தெரிந்துவிடும். புட்டிகளுக்குக் காற்றோட்டமுள்ள அலமாரி போதும். அதற்கு மிகக் குறைந்த காற்றே தேவை. அடுத்து, கதவு இறங்கும்போது காற்றின் அளவும் தானாகக் குறையும் மாறுகாற்று அமைப்பைப் பொருத்துங்கள். பழைய மாறாக்காற்றுப் பெட்டியில் கதவை மூடினாலும் விசிறி அதே அளவு காற்றைத்தான் இழுத்துக்கொண்டிருக்கும்.

மாறுகாற்று அமைப்பை வாங்கிய பிறகும் கதவை யாரும் இறக்காவிட்டால் பயனில்லை. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம், வேலை முடிந்ததும் கதவை இறக்கச் சொல்லி ஆய்வாளர்களிடையே தனி இயக்கமே நடத்தியிருக்கிறது. ஆள் நகர்ந்ததும் கதவைத் தானாக இறக்கும் கருவிகளும் கிடைக்கின்றன. நான் முதலில் பரிந்துரைப்பது, ஒவ்வொரு ஆய்வகத்தின் காற்று அளவையும் அந்த ஆய்வக வாசலிலேயே காட்டும் ஒரு சிறு திரை.

மணிக்கு 12 முறை காற்று மாற வேண்டும் என்கிறார் ஒருவர்; 6 போதும் என்கிறார் இன்னொருவர். எது சரி?

எல்லா ஆய்வகத்துக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. கையாளும் பொருளின் தீங்கு, அதன் அளவு, ஆவியாகும் தன்மை ஆகியவற்றை அறைக்கு அறை மதிப்பிட்டு முடிவு செய்ய வேண்டும். பல ஆய்வகங்களுக்கு ஆட்கள் இருக்கும்போது 6 முதல் 8, இல்லாதபோது 4 என்ற அளவு போதுமானதாக இருக்கும். அச்சத்தால் 12 என்று எழுதிவிட்டால், கட்டடம் நிற்கும் காலம் வரை அந்த அச்சத்துக்கு மின்கட்டணம் கட்டிக்கொண்டிருப்போம். அதிகக் காற்று அடித்தால் பெட்டியின் வாயிலில் சுழல் உண்டாகி ஆவி வெளியே கசியவும் கூடும்.

10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் கொண்ட அறையின் கொள்ளளவு 240 கன மீட்டர். மணிக்கு 6 முறை என்றால் 1,440 கன மீட்டர். மேலே சொன்ன ஒரு பெட்டி திறந்திருந்தாலே ஏறக்குறைய அந்த அளவு வந்துவிடுகிறது. இரண்டு தேவைகளையும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டிவிடும் பிழையை வரைபடங்களில் பார்த்திருக்கிறேன். அவற்றில் பெரியதை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கூரை முழுவதும் சோலார் போட்டுவிட்டால் இந்தக் கவலையெல்லாம் தீர்ந்துவிடாதா?

1,000 சதுர மீட்டர் கூரையில் ஏறக்குறைய 100 கிலோவாட் தகடுகள் வைக்கலாம். ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு 4 யூனிட் என்று கொண்டால் 400 யூனிட் கிடைக்கும். நாள் முழுவதும் கதவு திறந்தபடி ஓடும் ஒரு பெட்டி, குளிர்விப்பும் விசிறியும் சேர்த்து, இரவு பகல் சராசரியில் 90 முதல் 100 யூனிட் வரை எடுக்கும். நான்கு பெட்டிகளிலேயே கூரை முழுவதும் தீர்ந்துவிட்டது. மேலும் ஆய்வகக் கூரையில் வெளியேற்றுக் குழாய்களும், காற்றைக் குளிர்வித்து அறைகளுக்கு அனுப்பும் எந்திரங்களும் இடம் பிடித்துக்கொள்வதால், முழுக் கூரையும் தகடுகளுக்குக் கிடைப்பதில்லை. சோலார் கட்டாயம் வேண்டும். ஆனால் தேவையைக் குறைத்த பிறகு அதைப் போடுங்கள்.

எங்கள் பழைய ஆய்வகம் ஜன்னலும் மின்விசிறியுமாக ஓடியதுதானே? இப்போது மட்டும் ஏன் ஏ.சி.?

கேள்வியில் நியாயம் உண்டு. நம் பகுதியின் ஆய்வு முழுவதும் கரிம வேதியியல் அல்ல. ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடக்கிறது. தஞ்சாவூரில் உணவுப் பதப்படுத்தலும் நாகப்பட்டினத்தில் மீன்வளமும் தனித் துறைகளாக வளர்ந்திருக்கின்றன. விதைகளைப் பிரித்தெடுக்கும் இடம், தானியம் உலர்த்தும் கூடம், மீன்தொட்டிகள், மண் மாதிரிகளை இடித்துச் சலிக்கும் அறை ஆகியவற்றுக்கு நல்ல நிழலும் குறுக்குக் காற்றும் போதும். ஆய்வேடு எழுதும் மேசைகளை ஆய்வகத்துக்குள் வைக்காமல் வெளியே ஒரு தாழ்வாரத்தை ஒட்டி வைத்தால், கட்டடத்தின் கணிசமான பரப்பு ஏ.சி.யிலிருந்து விடுபடும்.

ஃபியூம் ஹூட் உள்ள அறையிலும், நுண்ணுயிர் ஆய்வறையிலும், நுட்பக் கருவிகள் உள்ள அறையிலும் ஜன்னலைத் திறக்கக் கூடாது. கூரை மின்விசிறியும் கூடாது. விசிறியின் காற்று பெட்டியின் வாயிலில் பட்டால், உள்ளே இழுக்கப்பட வேண்டிய ஆவி ஆய்வாளரின் முகத்துக்கே திரும்பிவிடும்.

அப்படியானால் திறந்த தாழ்வாரம், நடுவில் முற்றம், உள்ளே ஏ.சி. ஆய்வகம் என்று தஞ்சாவூர் வீடு போலக் கட்டிவிடலாமா?

இதில்தான் பலர் தவறுகிறார்கள். தீங்கு பரவாதிருக்க ஆய்வகத்தின் காற்றழுத்தம் வெளியைவிடச் சற்றுக் குறைவாக வைக்கப்படும். எனவே கதவு இடுக்கு, குழாய் துளை, ஜன்னல் சட்டம் எங்கிருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. ஆண்டின் பெரும்பகுதியும் நம் பகுதியின் காற்றிலுள்ள நீராவி, காற்று 22 டிகிரிக்குக் குளிரும் முன்பே நீர்த்துளியாகத் தொடங்கிவிடும். 13 டிகிரியில் குளிர்காற்று வரும் டக்ட்டையும் அதன் வாயையும் அது தொட்டால் தண்ணீர் சொட்டும், பொய்க்கூரைக்கு மேலே பூஞ்சை படரும்.

திறந்த தாழ்வாரத்துக்கும் ஆய்வகத்துக்கும் இடையே, உலர்ந்த காற்று கொடுக்கப்பட்ட ஒரு குறுகிய நடை அல்லது முன்னறை அவசியம். ஆய்வகம் இழுக்கும் காற்று அந்த நடையிலிருந்து வரட்டும். முற்றம் நல்லதுதான், மாடிப்படி, சந்திப்பிடம், எழுதும் மேசைகள் ஆகியவற்றை அதைச் சுற்றி வையுங்கள். நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும். மேற்குப் பக்கம் மாடிப்படிக்கும் கிடங்குக்கும் போகட்டும். ஆய்வகப் பகுதியில் சுவரின் கனத்தைவிடக் காற்றுக்கசிவு இல்லாத பூச்சுக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் செலவிடும் பணமே அதிகம் பயன் தரும்.

வெளியே வீணாகும் குளிர்ச்சியைத் திரும்பப் பிடிக்கும் கருவி இருக்கிறதாமே?

இருக்கிறது. சக்கர வகைக் கருவி வெப்பத்தோடு ஈரத்தையும் மாற்றித் தரும். ஆனால் வெளியேறும் காற்றில் சிறிதளவு உள்வரும் காற்றோடு கலந்துவிடும். ஃபியூம் ஹூட் காற்றை அதில் விடவே கூடாது. அறையின் பொது வெளியேற்றுக் காற்றுக்கு மட்டும், பாதுகாப்பு அலுவலரின் ஒப்புதலோடு, அதைப் பயன்படுத்தலாம்.

கலப்புக்கு இடமில்லாத இரட்டைச் சுருள் அமைப்பு, தண்ணீர் வழியாக வெப்பத்தை மட்டும் மாற்றும். நம் சுமையில் பத்தில் ஏழு பங்கு ஈரம் என்று முன்பே பார்த்தோம். ஆகவே மீதி மூன்று பங்கில் ஏறக்குறைய பாதி, அதாவது உச்சிவெயிலிலும் மொத்தச் சுமையில் ஏழில் ஒரு பங்கு அளவே மிச்சமாகும், இரவில் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. குளிர்நாடுகளில் பெரும்பலன் தரும் இந்தச் சுருளுக்கு இங்கே முதலிடம் தர வேண்டியதில்லை என்பது என் கருத்து. அதற்குப் பதிலாக, ஈரம் நீக்குவதற்காக அளவுக்கு மீறிக் குளிர்வித்த காற்றை மறுபடியும் சூடாக்கும் மின்ஹீட்டர்களை ஒழியுங்கள். உள்ளே வரும் சூடான வெளிக்காற்றின் வெப்பத்தையே அந்த மறுசூடாக்கலுக்குப் பயன்படுத்தும் சுற்றுக்குழாய் அமைப்பு, குளிர்விப்பு, மறுசூடாக்கல் இரண்டின் செலவையும் குறைக்கும்.

காவிரிக் கரையில் இருந்துகொண்டு தண்ணீரைச் சேமிக்கச் சொல்கிறீர்களே?

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12 அன்று எல்லா ஆண்டும் தண்ணீர் வருவதில்லை என்பதைப் படுகையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கடலோர வட்டங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பு, அதை ஆர்.ஓ. வழியாகத் தூய்மையாக்கும்போது ஒரு பங்கு நல்ல நீருக்கு ஒன்று முதல் மூன்று பங்கு வரை கழிவு நீராகப் போகிறது.

குழாய்நீரைத் திறந்துவிட்டு வெற்றிடம் உண்டாக்கும் பழைய முறையை நிறுத்தி, சிறு வெற்றிடப் பம்புகளை வையுங்கள். காய்ச்சி வடிக்கும் கருவியின் குளிர்நீரை ஒருமுறை ஓடவிட்டுச் சாக்கடையில் விடாமல் சுழலவிடுங்கள். குளிர்சுருளில் வடியும் தண்ணீர் உப்பில்லாதது; பத்துப் பெட்டிகள் ஓடினால் மணிக்கு நூறு லிட்டருக்கு மேல் கிடைக்கும். அதை ஏ.சி. அமைப்பின் குளிர்கோபுரத்துக்குத் திருப்பிவிடுங்கள். குடிக்கவோ நேரடியாக ஆய்வுக்கோ எடுக்க வேண்டாம்.

ஆய்வகக் கழுவுதொட்டியிலிருந்து போகும் கழிவுநீரை வளாகத்தின் பொதுச் சாக்கடையில் சேர்த்துவிடலாமா?

கூடாது. நம் வளாகங்களின் சாக்கடை எங்காவது ஒரு வடிகால் வாய்க்காலில் போய்ச் சேருகிறது. அந்த வாய்க்கால் கீழே உள்ள வயலுக்கும் குளத்துக்கும் போகிறது. குரோமியமும் பாதரசமும் கரைப்பான்களும் அந்த வழியில் போவதை, நெல் ஆராய்ச்சி செய்யும் ஒரு பல்கலைக்கழகம் எப்படி ஏற்றுக்கொள்ள முடியும்? ஆய்வகக் கழுவுதொட்டிகளுக்குத் தனிக் குழாய், தனிச் சேகரிப்புத் தொட்டி, அமில கார நிலையைச் சரிசெய்யும் அமைப்பு என்று முதல் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். பிறகு தரையை உடைத்துப் போடுவது இயலாத காரியம்.

செறிவான கழிவு எதுவும் கழுவுதொட்டிக்கே போகக் கூடாது. வகை பிரித்துப் புட்டிகளில் சேர்த்து, உரிமம் பெற்றவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் தீங்கு தரும் கழிவுகள் விதிகளின்படி பொதுவாக 90 நாட்களுக்கு மேல் அவற்றைத் தேக்கிவைக்க முடியாது. ஆகவே லாரி வந்து நிற்கும் பக்கத்தில், வெள்ளம் ஏறாத உயரத்தில், காற்றோட்டமுள்ள ஒரு கழிவுக் கிடங்கு தேவை.

எங்கள் வளாகம் முன்பு நஞ்சை வயல். களிமண்ணில் மூன்று மாடி நிற்குமா? மண் கொட்டி மேடாக்கிவிட்டால் போதுமா?

ஈரத்தில் உப்பி, கோடையில் வெடிக்கும் களிமண்ணில் சாதாரண அஸ்திவாரம் சுவரை விரிசல் விடச் செய்யும். மண் பரிசோதனைக்குப் பிறகு, அடிப்பகுதி குடைபோல் விரிந்த பைல் அஸ்திவாரம் இத்தகைய மண்ணுக்குப் பெரும்பாலும் பொருந்தும். மண் கொட்டி மேடாக்குவதை நான் ஏற்பதில்லை. அந்த மேடு வடிகாலை மறித்து, ஐப்பசி, கார்த்திகை மழையில் பக்கத்து வயலில் தண்ணீரைத் தேக்கும். இயற்கையான திடல் இருந்தால் அங்கே கட்டுங்கள். இல்லையெனில் தூண்கள் மீது தரைத்தளத்தைத் தூக்கி, அடியில் தண்ணீர் ஓட வழிவிடுங்கள்.

இதில் உண்மையான சிக்கல் ஒன்று உண்டு. எலெக்ட்ரான் நுண்ணோக்கி போன்ற கருவிகள் அதிர்வு தாங்காதவை என்பதால் கீழ்த்தளத்தைக் கேட்கும். வெள்ளமோ அவற்றை மேலே வைக்கச் சொல்லும். தூண்கள் மீது நிற்கும் தளம் அதிர்வுக்கு ஏற்றதும் அல்ல. அந்தக் கருவிகளுக்கு மட்டும், கட்டடத்தின் மற்றப் பகுதியோடு ஒட்டாத தனி அஸ்திவாரத்தில், அறியப்பட்ட வெள்ள மட்டத்துக்கு மேலே உயர்த்திய கனமான தரையுள்ள ஒரு சிறு பகுதியைக் கட்டுவதே நான் கண்ட தீர்வு. மின்மாற்றி, ஜெனரேட்டர், பம்பு ஆகியவற்றையும் அதே மட்டத்துக்கு உயர்த்துங்கள்.

நாகப்பட்டினம் பக்கம் கட்டுவதற்கு வேறு என்ன கவனிக்க வேண்டும்?

உப்பும் புயலும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456, கடலோரக் கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்30 தரமும் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கவரும் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்) கேட்கிறது. கடல்நீர்த் திவலையோ அரிக்கும் ஆவியோ படும் இடத்தில் எம்35, 50 மில்லிமீட்டர். அமில ஆவி வெளியேறும் கூரைப்பகுதி கடலிலிருந்து தொலைவில் இருந்தாலும் இரண்டாவது வகையில் சேரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வெளியேற்றுக் குழாய்க்கு ஜி.ஐ. தகடு (துத்தநாகம் பூசிய இரும்பு) வேண்டாம், பாலிபுரொப்பிலீன் அல்லது எஃப்.ஆர்.பி. (இழை வலுவூட்டிய பிளாஸ்டிக்) நீடிக்கும். அந்தக் குழாய் கூரைக்கு மேல் குறைந்தது 3 மீட்டர் உயர வேண்டும். அந்த உயரத்தில் புயற்காற்றைத் தாங்கும் கட்டும் வேண்டும்.

2018 நவம்பர் 16 அன்று கஜா கரையைக் கடந்த பிறகு டெல்டாவின் பல ஊர்களில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. எனவே மின்சாரம் அற்றுப்போனால் எது எது ஓட வேண்டும் என்ற பட்டியலை வடிவமைப்பின்போதே எழுதுங்கள். உறைபெட்டிகள், நச்சு ஆவி வெளியேற்றும் விசிறிகள், வெள்ளப் பம்பு, அவசர விளக்குகள் ஆகியவை போதும். பட்டியல் சிறிதாக இருந்தால், அவற்றின் பெரும்பகுதியைப் பகலில் சோலாரும் பேட்டரியும் தாங்கும். டீசல் பல நாட்களுக்கு வரும்.

மைனஸ் 80 உறைபெட்டி ஒவ்வொரு துறையும் நான்கு கேட்கிறதே?

ஒரு உறைபெட்டி நாளொன்றுக்கு 20 யூனிட் அளவுக்கு எடுக்கும். எடுத்தது முழுவதும் வெப்பமாக அறைக்குள் வருவதால் ஏ.சி.யும் அதைச் சுமக்கிறது. மைனஸ் 70இல் வைத்தால் 20 முதல் 30 சதவீதம் குறையும். பல மாதிரிகளுக்கு அது போதும். துறைதோறும் வைக்காமல், நல்ல காற்றோட்டமுள்ள ஒரு பொது அறையில் சேர்த்து வையுங்கள்.

பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிது கட்டுவது நல்லதா?

டக்ட்டும் குழாய்களும் செல்ல, ஆய்வகத்துக்குத் தளத்துக்குத் தளம் 4 முதல் 4.5 மீட்டர் உயரம் தேவை. பழைய கட்டடங்கள் பெரும்பாலும் 3.3 மீட்டர் அளவில் உள்ளன. அவற்றை இடிக்க வேண்டாம். கணினி ஆய்வு, ஆய்வேடு எழுதுதல், வகுப்பு ஆகியவற்றை அங்கே மாற்றிவிட்டு, வேதிப்பொருள்களையும் திரவங்களையும் கையாளும் ஈர ஆய்வகங்களுக்கு மட்டும் சிறிய புதுக்கட்டடம் எழுப்புங்கள். கட்டாத சதுர அடிக்குச் சிமெண்டும் வேண்டாம், கொள்ளிடத்து மணலும் வேண்டாம். புதிதாகக் கட்டும் பகுதிக்கு, வயலின் மேல்மண்ணைச் சுட்ட செங்கல்லைவிட நிலக்கரிச் சாம்பல் கல்லும், ஆற்று மணலுக்குப் பதில் எம்-சாண்டும் பொருத்தம்.

கிரிஹா சான்றிதழ் வாங்கினால் எங்கள் கட்டடம் பசுமைக் கட்டடம்தானே?

கிரிஹா என்பது பசுமைக் கட்டடங்களுக்கு மதிப்பெண் தரும் இந்திய மதிப்பீட்டு முறை. அதன் சான்றிதழ் வடிவமைப்பை ஒழுங்குபடுத்த உதவும், அதை வாங்குங்கள். ஆனால் மதிப்பெண் பெற்ற கட்டடம் பிறகு எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்பதை அளக்காமல் விட்டால் அந்த மதிப்பெண்ணுக்குப் பொருளில்லை. காற்றை அறைகளுக்கு அனுப்பும் எந்திரங்கள், ஏ.சி.க்கான நீரைக் குளிர்விக்கும் சில்லர், கருவி மின்சாரம், விளக்கு ஆகியவற்றுக்குத் தளவாரியாகத் தனித்தனி மீட்டர் கேட்டு டெண்டரிலேயே எழுதுங்கள்.

கட்டும் பணம் ஒரு தலைப்பில் வருகிறது, மின்கட்டணம் வேறு தலைப்பில் போகிறது. குறைந்த விலை டெண்டரைத்தானே எடுக்க முடியும்?

இதுவே எல்லாவற்றிலும் கடினமான கேள்வி. குறைந்த விலையைத் தேர்ந்தெடுக்கும் விதியை மாற்ற முடியாவிட்டாலும், எதற்கு விலை கேட்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. மாறுகாற்றுப் பெட்டி, பெட்டியின் கசிவுச் சோதனை, மின்ஹீட்டர் இல்லாத ஈரநீக்கம், தனி மீட்டர்கள் ஆகிய அனைத்தையும் கட்டாயத் தொழில்நுட்ப நிபந்தனைகளாக எழுதிவிட்டால், போட்டியிடும் அனைவரும் அவற்றுக்கே விலை சொல்வார்கள். விருப்பத் தேர்வாக எழுதியவை விலைப்பேச்சின் முதல் நாளிலேயே நீக்கப்பட்டுவிடுகின்றன.

ஐந்தாண்டுப் பராமரிப்பையும் அதே டெண்டரில் சேருங்கள். காற்றளவு உணரிகள் ஆண்டுதோறும் சரிபார்க்கப்படாவிட்டால், மாறுகாற்று அமைப்பு மாறாக்காற்று அமைப்பாகிவிடும். கட்டடத்தை ஏற்றுக்கொள்ளும் சோதனையை ஒரே நாளில் முடிக்காமல், ஒருமுறை சித்திரை வெயிலிலும் மறுமுறை ஐப்பசி மழையிலும் நடத்தி, இரண்டிலும் அறையின் ஈரப்பதமும் பெட்டியின் காற்று வேகமும் சொன்ன அளவில் நின்ற பிறகே இறுதித் தவணையை விடுவிப்பதாக ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்.